தலை தேய்ந்த திருகாணியும் வன்னியின் மோட்டார் வண்டிகளும்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன முடிசூட்டு விழாக்களும், போர்க்களங்களும், உடன்படிக்கைகளுமே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ விரல் நுனியளவே ஆனது. மோட்டார் வண்டியொன்றின் பிறேக்கைத் திருத்த முற்பட்ட வேளையில், தலை தேய்ந்து, கழல மறுத்துக் கிடந்த ஒரு திருகாணியே அப்பொருள். வரலாற்றுப் பேச்சுக்கு இதுவும் ஒரு தலைப்போ என்று வினவுவோர் இருக்கலாம். அவர்கள் சற்றே பொறுத்திருந்து கேட்பார்களாயின், அச்சிறு ஆணியின் புரியிலே இலண்டனும், பிலடெல்பியாவும், யப்பானும், நம் துணுக்காயும் ஒருங்கே பிணைந்திருப்பதைக் காண்பார்கள்.

திருகு நமக்குப் புதியதன்று. பெண்கள் காதில் அணியும் தோட்டின் சுரையைத் திருகியே பூட்டுகின்றோம். புத்தி தடுமாறியவனை மரை கழன்றவன் என்கின்றோம். குளத்தை நம்பி வாழும் வன்னி மக்களுக்கு இன்னுமொரு திருகு நன்கு பழக்கமானது. குளத்துத் துருசின் கதவை உயர்த்துவது புரி வெட்டிய இரும்புத் தண்டே. ஓர் ஆள் தன் தோள்வலியால் தூக்க இயலாத கதவை, சுற்றுச் சுற்றாகத் திருகி உயர்த்திவிடுகின்றான். கையை எடுத்த பின்னரும் கதவு விழுவதில்லை. புரியின் சரிவிலே எழும் உராய்வு அதனைப் பிடித்து நிறுத்துகின்றது. சிறு விசையைப் பெருவிசையாக்குவதும், ஆக்கியதை நழுவவிடாது பிடித்துக்கொள்வதுமே திருகின் இருபெருங் குணங்கள். அறைந்த ஆணியைப் பிடுங்கினால் மரம் சிதையும். திருகாணியோ பூட்டுவதற்கு மட்டுமன்றி, வேண்டியபோது பழுதின்றிக் கழற்றுவதற்கும் என்றே அமைந்தது. அந்த இரண்டாவது வாக்குறுதி பொய்க்கும்போது நேர்வது யாது என்பதே இன்றைய பேச்சு.

1997ஆம் ஆண்டின் மாரிகாலம். அவ்வேளை நான் இளம் ஆசிரியன். 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்தும், 1996ஆம் ஆண்டில் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்த மக்களால் துணுக்காயும் அயலிலுள்ள மல்லாவியும் நிரம்பியிருந்தன. மழையில் ஊறிக் குழிகள் விழுந்த வீதிகளிலே ஓடிய வாகனங்களோ மிகச் சில. அவற்றுள் ஒன்று வாடகைக்கு ஓடிய பழைய மொறிஸ் மைனர். இரவு வேளையில் காய்ச்சல் கண்ட குழந்தையையோ, பேறுவலி கண்ட தாயையோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமாயின், அயற்கிராமத்தார் பலரும் அவ்வண்டியின் உரிமையாளர் வீட்டுப் படலையையே தட்டுவர்.

அவ்வண்டியின் பிறேக்கு மிதியை மூன்று முறை மிதித்தாலன்றி வண்டி நிற்பதில்லை என்ற நிலை வந்தது. பாலை மரமொன்றின் கீழே கிடுகுக் கொட்டில் அமைத்துத் தொழில் செய்த மெக்கானிக் ஒருவரிடம் அதனைக் கொண்டுசென்றனர். அன்று நானும் உடனிருந்தேன். உரிமையாளருக்கோ வண்டியை நிறுத்திவைக்க மனமில்லை. "அண்ணை, இந்த றோட்டிலை ஆர் வேகமா ஓடப்போறான்? பிறகு ஆறுதலாப் பாப்பம்" என்றார். மெக்கானிக் நிமிர்ந்தும் பாராது, "பிறேக்கு ஓடுறதுக்கில்லைத் தம்பி, நிக்கிறதுக்கு" என்று கூறிச் சில்லைக் கழற்றத் தொடங்கினார்.

மொறிஸ் மைனரின் பிறேக்கு அமைப்பைச் சுருக்கமாக விளக்குவேன். சில்லோடு சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணமொன்று உண்டு. அதனை டிறம் என்பர். அதனுள்ளே பிறைவடிவான இரு தகடுகள் உராய்வுப் பட்டி பொருத்தப்பட்டு இருக்கும். மிதியை மிதித்ததும் எண்ணெயின் அழுத்தம் அவற்றை அகல விரித்து டிறத்தின் உட்சுவரோடு அழுத்த, சில்லு நிற்கும். பட்டியைப் பார்க்க வேண்டுமாயின் டிறத்தைக் கழற்ற வேண்டும். டிறத்தைச் சில்லின் குடத்தோடு இருத்திவைப்பன இரண்டு சிறு திருகாணிகள். அவற்றின் தலை டிறத்தின் முகத்தோடு சமமாகப் பதிந்திருக்கும். தலையிலே நேர்கோடாக ஒரு வெட்டு; திருப்புளியின் நாக்கை வைப்பதற்கு அவ்வெட்டைத் தவிர வேறு பிடியில்லை.

முதலாவது திருகாணி கழன்றது. இரண்டாவதை உதவியாளனான இளைஞன் ஒருவன் கையிற் கிடைத்த ஒடுங்கிய திருப்புளியால் முறுக்கினான். நாக்கு வெட்டின் அகலத்துக்குப் பொருந்தவில்லை, வழுகியது. அவன் மேலும் முறுக்கினான், மேலும் வழுகியது. நான்காம் முறை வெட்டின் இரு விளிம்புகளும் மழுங்கி, தலை வழுக்கைத் தலையாயிற்று. சினங்கொண்ட இளைஞன் சுத்தியலை எடுத்தான். அப்போது அம்முதியவர் கூறிய சொற்களை நான் மறந்ததில்லை. "ஆணியோடை சண்டை பிடிக்காதை. அது ஏன் வரமாட்டன் எண்டு நிக்குது எண்டு முதலிலை யோசி."

ஏன் வரவில்லை? காரணங்கள் இரண்டு. பூட்டிப் பல்லாண்டு கழிந்த திருகாணியின் புரிக்குள் நீரும் சேறும் புகுந்து துருப்பிடிக்கின்றது. துருவானது, தான் தோன்றிய இரும்பினும் கூடிய இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே அது புரியின் இடைவெளியை நிரப்பி, திருகாணியைத் துளையோடு ஒன்றாக்கிவிடுகின்றது. பிறேக்கு ஒவ்வொரு முறையும் சூடேறிக் குளிர்வதால் இப்பிணைப்பு மேலும் இறுகுகின்றது. இரண்டாவது காரணம் கருவி பொருந்தாமை. வெட்டின் அகலமும் தடிப்பும் ஒன்றாய், நாக்கின் அகலமும் தடிப்பும் வேறாய் இருப்பின், விசை முழுமுகத்திலும் பரவாது விளிம்பில் மட்டும் தங்கி அதனை உடைத்துவிடும். இவ்விரண்டாவது காரணம் அந்த இளைஞனின் தவறு மட்டுமன்று. அதன் பின்னே நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று கிடக்கின்றது. அதனைச் சொல்லிவிட்டு மீண்டும் பாலை மரத்தடிக்கு வருகின்றேன்.

ஒரு காலத்தில் திருகாணியையும் அதற்குரிய சுரையையும் ஒவ்வொரு தொழிலாளியும் தன் கைப்பாங்கிலேயே வெட்டினான். ஒரு பட்டறையின் சுரை மற்றொரு பட்டறையின் ஆணியில் ஏறாது. ஒரு பொறியைப் பிரித்தால், எந்தச் சுரை எந்த ஆணிக்குரியது என்று அடையாளமிட்டு வைக்க வேண்டும். 1800ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரில் ஹென்றி மோட்ஸ்லி என்பார் புரியை நுட்பமாக வெட்டும் கடைசற் பொறியைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் தொழில் பழகியவர்களுள் ஒருவரான யோசெப் விட்வேர்த், இங்கிலாந்தின் பல பட்டறைகளில் வழங்கிய திருகாணிகளைத் திரட்டி அளந்து, 1841ஆம் ஆண்டில் ஒரு பொதுவளவை முன்மொழிந்தார். புரியின் கோணம் 55 பாகை. இன்ன விட்டமுள்ள ஆணிக்கு அங்குலமொன்றுக்கு இத்தனை புரி என்பதே அவர் வகுத்த நியதி. பிரித்தானியத் தொழிற்சாலைகள் நாளடைவில் அதனை ஏற்றன. அந்நாட்டுப் பொறிகள் சென்ற இடமெல்லாம் அவ்வளவையும் சென்றது, இலங்கைக்கும் வந்தது.

அத்திலாந்திக்குக்கு அப்பால் அமெரிக்கர் வேறு வழியை நாடினர். 1864ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் வில்லியம் செல்லர்ஸ் என்பார் 60 பாகைக் கோணமுள்ள புரியை முன்மொழிந்தார். வெட்டுவதற்கும் அளப்பதற்கும் அது எளிது என்றார். இதனால் விளைந்தது யாது? அரை அங்குல விட்டமுள்ள ஆணியை எடுத்துக்கொள்வோம். விட்வேர்த் முறையில் அங்குலமொன்றுக்கு 12 புரி. அமெரிக்க முறையில் 13. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் சுரையை மற்றதில் ஏற்றினால், ஓரிரு சுற்று ஏறியபின் இறுகி நிற்கும். மீறி முறுக்கினால் இரண்டும் கெடும்.

ஒரு புரிப் பேதத்தால் பெருங்கேடு விளையுமோ என்பீர்கள். 1904ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் திகதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தீ மூண்டது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயோர்க் முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்போர் விரைந்து வந்தனர். ஆயின், அவர்களுட் பலர் கொண்டுவந்த குழாய்களின் இணைப்புப் புரி பால்டிமோரின் நீர்க்குழாய்களோடு பொருந்தவில்லை. நீர் இருந்தது, ஆட்கள் இருந்தனர், குழாயும் இருந்தது, புரி ஒன்றே ஒத்துவரவில்லை. ஏறத்தாழ 1,500 கட்டடங்கள் எரிந்தழிந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது இச்சிக்கல் நேச நாடுகளின் போர்முயற்சியையே இடர்ப்படுத்தியது. பிரித்தானியரின் மேர்லின் விமான இயந்திரத்தை அமெரிக்காவில் ஆக்க முற்பட்ட பக்கார்ட் நிறுவனம், தன் நாட்டில் வழங்காத பிரித்தானியப் புரிகளை வெட்டுதற்கான கருவிகளையும் தானே ஆக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த அனுபவத்தின் பயனாக, 1948ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒருங்கிணைந்த புரி முறையொன்றை ஏற்று உடன்பாடு செய்தன. போரை முடித்த உடன்படிக்கைகளைப் பாடநூல்கள் சொல்கின்றன. திருகாணியைப் பற்றிய இவ்வுடன்படிக்கையைச் சொல்வது அருமை. நாள்தோறும் அதன் பயனை நுகர்வோரோ எண்ணிலடங்கார்.

அவ்வுடன்பாட்டுக்கு முந்திய மாதத்திலேதான், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் வண்டி இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. பின்னர் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஆக்கப்பட்டன. ஆனால் மொறிஸ் நிறுவனத்தின் பழைய இயந்திரங்களிலே ஒரு விந்தை உண்டு. கொவென்றி நகரில் இயங்கிய ஹொட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் தொழிற்சாலையை 1923இல் மொறிஸ் வாங்கியது. அங்கிருந்த பொறிகள் பிரான்சிய மெற்றிக் அளவில் புரி வெட்டுவன. பொறிகளை மாற்றுவது பெருஞ்செலவு. ஆகவே புரி பிரெஞ்சு அளவிலும், ஆணியின் தலை பிரித்தானியச் சாவி பொருந்தும் அளவிலுமாக ஆணிகள் வெட்டப்பட்டன. தலை ஓர் ஊரைச் சொல்லும். உடல் வேறோர் ஊரைச் சொல்லும். பிற்காலத்தில் பிரித்தானிய மோட்டார்த் தொழில் படிப்படியாக ஒருங்கிணைந்த புரிக்கு மாறியது. எனவே ஒரே நாட்டின் பழைய வண்டிகளில் மூன்று மரபுப் புரிகள் கலந்து வழங்கின.

அவ்வண்டிகள் வன்னிக்கு எவ்வாறு வந்தன? சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் மொறிஸ், ஒஸ்ரின் முதலிய பிரித்தானிய வண்டிகள் இலங்கையில் பெருவழக்காயின. 1960களில் அன்னியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி இறுகியபோது, இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டும் பழக்கம் நாடெங்கும் வேரூன்றியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் யப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. பழைய ஆங்கிலேய வண்டிகள் கொல்லைப்புறத்துக் கொட்டில்களிற் கோழி அடைக்கும் கூடுகளாயின.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வட பகுதிக்குச் செல்லும் பொருட்கள் கட்டுப்படுத்தப்பட்டன. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, வாகன உதிரிப்பாகம் ஆகியவை கிடைத்தற்கரியன ஆயின. அப்போதுதான் கொட்டிலிற் கிடந்த கிழவண்டிகளுக்கு மறுபிறவி வாய்த்தது. அவற்றின் இயந்திரங்கள் எரிபொருளைக் குறைந்த அளவே அமுக்குவன. ஆதலின் மண்ணெண்ணெயையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டன. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை கக்கும், நாற்றம் வீசும், எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆயினும் வண்டி ஓடும். இதே காலத்தில், மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களை ஆக்கி இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சியொன்று இத்தீவின் தென்பகுதியில் நடைபெற்றது. வடக்கிலோ அதே வண்டிக்கு ஒரு திருகாணி வாங்க வழியில்லை. ஒரு தீவு, ஒரு வண்டி, இரு விதி.

இனிப் பாலை மரத்தடிக்குத் திரும்புவோம். புதிய திருகாணி இல்லை. டிறம் உடைந்தால் வேறு டிறமும் இல்லை. வார்ப்பிரும்பு அடி பொறாதது. கண்டபடி அடித்தால் வெடிக்கும். இதனாலேயே முதியவர் இளைஞனின் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டார். முதலில் மழுங்கிய தலையில் எஞ்சியிருந்த வெட்டை ஊசிமுனையால் துப்புரவாக்கினார். பின்னர் மண்ணெண்ணெயில் தோய்த்த கோழியிறகால் இரண்டே துளி. அதற்கு மேல் விடவில்லை. எண்ணெய் உள்ளே வழிந்து உராய்வுப் பட்டியில் ஊறினால், திருத்த வந்த பிறேக்கே கெட்டுவிடும் என்றார். அவ்வளவோடு, "இனி நாளைக்குப் பாப்பம்" என்று எழுந்துவிட்டார். துருவின் நுண்ணிய பிளவுகளுள் எண்ணெய் தானே ஊர்ந்து செல்லும். அதற்கு நேரமே மருந்து.

மறுநாட் காலையில், வெட்டின் அளவுக்கு அரத்தால் அராவிப் பொருத்திய அகன்ற திருப்புளியொன்றை வைத்து, அதன் பிடியின்மேல் நேராக ஓர் அடி அடித்தார். அவ்வதிர்ச்சி துருவின் பிணைப்பை உடைப்பதற்கு. அடியின் விசையையே திருப்பும் விசையாக மாற்றித்தரும் திருப்புளிகள் உண்டு. அவை அங்கு இல்லை. அடியையும் திருப்பலையும் இரு கைகளால் ஒரே கணத்திற் செய்தார். திருகாணி அசையவில்லை, தலையில் எஞ்சியதும் போயிற்று. அடுத்து வெட்டிரும்பை எடுத்து, தலையின் ஓரத்தில் சிறு பள்ளமொன்றை வெட்டி, பள்ளத்தின் சுவரில் முனையைச் சாய்த்து, இடஞ்சுழியாகத் தட்டினார். ஆணி மயிரிழையளவு நகர்ந்ததுபோலத் தோன்றியது, மீண்டும் நின்றது.

இவ்வாறான இடத்தில் வேற்றூர்த் திருத்தகங்களில் வேறொரு கருவியைப் பயன்படுத்துவர். ஆணியின் நடுவே துளையிட்டு, இடம்புரியாக வெட்டிய கூம்புத் தண்டொன்றை உள்ளே திருகுவர். சங்குகளில் வலம்புரி அரிது. திருகாணிகளிலோ இடம்புரியே அரிது. துவிச்சக்கர வண்டியின் இடப்பக்கத்து மிதியில் அதனைக் காணலாம். கழற்றும் திசையிற் சுழற்றும்போது இடம்புரித் தண்டு மேலும் உள்ளிறங்கிக் கடித்துக்கொள்ளும். அதன் பிடியில் வலம்புரி ஆணி கழன்று வெளிவரும். அக்கருவியும் எங்களிடம் இல்லை.

அப்போது முதியவர் என்னைப் பார்த்து, "மாஸ்ரர், இந்த ஆணி என்ன பாரம் தாங்குது சொல்லுங்கோ?" என்று வினவினார். டிறத்தையே தாங்குகின்றது என்றேன். அவர் சிரித்தார். சில்லை மாட்டி அதன் சுரைகளை இறுக்கும்போது, சில்லே டிறத்தைக் குடத்தோடு அழுத்திப் பிடிக்கின்றது. சிறு திருகாணிகளோ சில்லு இல்லாத வேளையில் டிறம் விலகாதிருக்கும் பொருட்டு இடங்காட்டுவன மட்டுமே. ஆகவே அதன் தலையை இழப்பதால் வண்டிக்கு ஊறில்லை. இந்த ஒரு தெளிவு பிறந்ததும் அவர் கைத் துறப்பணத்தை எடுத்தார். ஆணியின் உடலினும் சற்றே பருத்த அலகைத் தலையின் நடுவில் இருத்தி, பொறுமையாகச் சுழற்றினார். தலை வளையமாகக் கழன்று விழுந்தது. டிறத்தைச் சுற்றிவர மரச் சுத்தியலால் மெல்லத் தட்ட, அது வெளியே வந்தது. குடத்திலே எஞ்சி நின்ற ஆணியின் அடியை இடுக்கியால் பற்றித் திருப்பினார். இரு நாள் எதிர்த்து நின்ற ஆணி எளிதாகக் கழன்று வந்தது. அதனை இறுக்கிப் பிடித்திருந்தது பெரும்பாலும் டிறத்தினுள் அமர்ந்திருந்த தலையே. தலை போனதும் இறுக்கமும் போயிற்று.

உள்ளே உராய்வுப் பட்டி தறையாணி தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. இன்னுஞ் சில நாட்கள் ஓடியிருப்பின், இரும்பு இரும்போடு உரசி டிறமே அழிந்திருக்கும். அதற்கு முன்பே ஏதேனும் ஓர் இரவில் வண்டி நிற்காது போயிருக்கும். உரிமையாளர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றிய பட்டிகளைப் பொருத்திய பின்னர், புதிய திருகாணி தேடும் படலம் தொடங்கியது. பால்மாப் பேணியொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட பழைய ஆணிகள் கிடந்தன. தலையளவு சரியான ஒன்றை இளைஞன் எடுத்துத் திருப்புளியை நாடினான். முதியவர் தடுத்தார். "தலையைப் பார்த்து ஏமாறாதை. விரலாலை ஏத்திப் பார்." விரலால் திருகியபோது இரண்டு சுற்றில் நின்றது. விட்வேர்த்தும் செல்லர்ஸும் ஹொட்ச்கிஸும் அப்பேணிக்குள் ஒன்றாய்க் கிடந்தனர். அவர்களின் பெயரைக்கூட அம்முதியவர் கேள்வியுற்றதில்லை. எனினும், ஒத்த புரி விரலுக்கே இணங்கி உள்ளே செல்லும், ஒவ்வாத புரி கருவியை வேண்டும் என்ற நுண்மையை அவர் அறிந்திருந்தார். பொருந்தும் ஆணி கிடைக்கவில்லை. கழன்று வந்த முதலாவது ஆணியின் புரியில் சிறிது கிரீஸ் தடவி, அளவோடு இறுக்கி, மற்றத் துளையை வெறிதே விட்டார். சில்லின் சுரைகளை மட்டும் மும்முறை சரிபார்த்தார். அன்றிரவே அவ்வண்டி ஒரு தாயை ஏற்றிச் சென்றதாகப் பின்னர் அறிந்தேன்.

திருகாணியின் தலைக்கும் தனி வரலாறு உண்டு. நேர்வெட்டுத் தலை வழுகுவது கண்டு, கனடா நாட்டவரான றொபேட்சன் 1908ஆம் ஆண்டளவில் சதுரக் குழியுள்ள தலையைக் கண்டுபிடித்தார். 1930களில் அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் சிலுவைக் குழித் தலையைப் பரப்பினார். 1936இல் கடிலாக் மோட்டார் வண்டிகளின் ஆக்கத்தில் அது இடம்பெற்றது. பின்னர் யப்பானியர் தம் நாட்டுக்கெனச் சிலுவைக் குழியின் அளவைச் சிறிது வேறுபட வகுத்தனர். 2002ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்துக் கண்டி வீதி திறந்தபோது, யப்பானிய மோட்டார்ச் சைக்கிள்களும் கார்களும் வன்னிக்கு மீண்டும் வந்தன. அவற்றோடு புதிய தலைவலியும் வந்தது. பிலிப்ஸ் திருப்புளி யப்பானியத் தலையில் அமர்வதுபோலத் தோன்றும். முறுக்கினால் மேலெழுந்து வழுகிக் குழியை அரித்துவிடும். இன்றும் சில யப்பானியக் கார்களின் பிறேக்குத் தட்டை இருத்திவைக்கும் சிலுவைத் தலைத் திருகாணிகள் இவ்வாறே மழுங்குகின்றன. கருவி நவீனமாயிற்று, தவறு பழையதே.

அந்தக் கண்டி வீதி 2006இல் மீண்டும் மூடப்பட்டது. 2008இல் துணுக்காய் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்த வேளையில், முல்லைத்தீவுக் கரையோரத்தில் வாகனங்கள் குவியல் குவியலாகத் துருவேறிக் கிடந்ததைக் கண்டோர் பலர். அந்த மொறிஸ் மைனர் எங்கே கிடந்ததென்று நான் அறியேன். அம்முதியவரும் ஊர் திரும்பவில்லை. அவர் கையில் இருந்த அறிவை எவரும் எழுதிவைக்கவுமில்லை.

ஒரு பாடசாலையின் அதிபர் என்ற முறையில் என் நெஞ்சை உறுத்துவது இதுவே. 2013ஆம் ஆண்டு தொடக்கம் எம் நாட்டின் உயர்தர வகுப்புகளில் தொழினுட்பப் பிரிவு இடம்பெற்றுள்ளது. புரியின் கோணத்தையும் உராய்வின் விதியையும் மாணவர் அங்கே கற்கின்றனர், நன்று. ஆயின், எதுவுமே கிடைக்காத காலத்தில் எமது கம்மாலைகளிலும் மரத்தடித் திருத்தகங்களிலும் தொழில் செய்தோர், அதே விதிகளை விரல் நுனியிலே கண்டறிந்து உயிர்களைக் காத்தார்கள் என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர்களிற் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். எங்கள் மாணவர் குறிப்பேட்டோடு அவர்களிடம் செல்லட்டும். எந்த ஆணி எந்தக் காரணத்தால் இறுகும், எது பாரந் தாங்கும், எது இடங்காட்டும், எங்கே அடிக்கலாம், எங்கே காத்திருக்க வேண்டும் என்று கேட்டு எழுதட்டும். அதுவும் வரலாறே.

விட்வேர்த் பட்டறை பட்டறையாகத் திருகாணிகளைத் திரட்டித்தான் தம் அளவையை வகுத்தார். அவர் செய்ததும் கேட்டு, அளந்து, எழுதிவைத்ததே. அப்பணி துணுக்காயிலும் நடைபெறக்கூடியது. அதற்கு வேண்டியன ஒரு குறிப்பேடும், முதியோர் முன் அமர்ந்திருக்கும் பொறுமையுமே. அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு திருகாணி கழல மறுத்தால், சுத்தியலை எடுக்குமுன் அது ஏன் நிற்கின்றது என்று ஒரு கணம் கேளுங்கள். அந்த வினா பாலை மரத்தடியிலிருந்து வந்தது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.